அமெரிக்கக் காம்பஸ் பேன்ட்ரி: அலமாரியில் இருப்பது எவ்வளவு, அடுப்புக்கு வருவது எவ்வளவு

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, கட்டணமும் வாடகையும் கட்டியபின் மளிகைக்குப் பணம் போதவில்லை என்றால் முதலில் போக வேண்டிய இடம் காம்பஸ் ஃபுட் பேன்ட்ரி. மாணவர் ஐ.டி. கார்டு இருந்தால் போதும். அரிசி, பருப்பு, கேன் உணவு, சில இடங்களில் முட்டை, பால், காய்கறி எல்லாம் இலவசமாகக் கிடைக்கும். ஒரு கடையை எப்படி மதிப்பிடுவோமோ அப்படியே இந்தச் சேவையை இங்கே மதிப்பிடுகிறோம்: திறந்திருக்கும் நேரம், சரக்கு, உள்ளே நடத்தும் விதம், வாங்கி வந்ததை மாணவர் அறையில் சமைக்க முடிகிறதா என்பது. ஒன்றிரண்டு வாரத் தட்டுப்பாட்டைத் தாண்ட இதைவிட நல்ல வழி இல்லை. ஒரு செமஸ்டர் முழுக்க இதை மட்டும் நம்பியிருக்க முடியாது. இந்த இரண்டையும் தெரிந்துகொண்டு போகிறவர்களுக்குத்தான் பேன்ட்ரி நன்றாக உதவுகிறது.

தேவை சிறியதல்ல. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. 2024 ஜூனில் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2020ஆம் ஆண்டுக் கணக்குப்படி கல்லூரி மாணவர்களில் 23 சதவீதம், சுமார் 38 லட்சம் பேர், உணவுத் தட்டுப்பாட்டில் இருந்தவர்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பணமில்லாமல் வேளைச் சாப்பாட்டைத் தவிர்த்தவர்கள், அல்லது அளவைக் குறைத்துக்கொண்டவர்கள். தமிழ்நாட்டிலிருந்து எம்.எஸ். படிக்க வருகிறவர்களுக்கு நெருக்கடி இன்னும் ஒரு சுற்று இறுகுகிறது. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் வகுப்பு நடக்கும் காலத்தில் காம்பஸுக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். அரசின் உணவு உதவியான ஸ்னாப் அவருக்குக் கிடையாது. உதவித்தொகை கிடைத்தவருக்கும் முதல் சம்பளம் கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். அட்வான்ஸ், பாத்திரம், கம்பளிக் கோட்டு எல்லாம் அதற்குள் வாங்கியாக வேண்டும். வந்த முதல் ஆறேழு வாரங்களில் இவர்களுக்குக் காசில்லாமல் திறக்கும் கதவு பெரும்பாலும் பேன்ட்ரி ஒன்றுதான்.

இதன் தொடக்கம் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகம். மாணவர்களே மாணவர்களுக்காக நடத்தும் முதல் உணவு வங்கி அங்கே 1993ல் தொடங்கியது. 2012ல் அதுவும் ஓரிகன் ஸ்டேட் பல்கலைக்கழகமும் சேர்ந்து கல்லூரி உணவு வங்கிகளுக்கு ஒரு கூட்டமைப்பை உருவாக்கின. சில ஆண்டுகளிலேயே அதில் 700க்கு மேற்பட்ட கல்லூரிகள் சேர்ந்துவிட்டன. உங்கள் பல்கலைக்கழகத்திலும் ஏதோ ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் ஒரு பேன்ட்ரி இருக்க வாய்ப்பு அதிகம். இணையத்தில் தேடும்போது ‘பேன்ட்ரி’ என்று மட்டும் தேடாதீர்கள். ‘பேசிக் நீட்ஸ்’ (அடிப்படைத் தேவைகள்), ‘டீன் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்’ (மாணவர் நலனைக் கவனிக்கும் அலுவலகம்) என்றும் தேடுங்கள். பல இடங்களில் பேன்ட்ரிப் பக்கம் இவற்றின் கீழேதான் ஒளிந்திருக்கும். கலிபோர்னியாவின் கம்யூனிட்டி கல்லூரிகள் ஒவ்வொன்றும் 2022 ஜூலைக்குள் ஒரு பேசிக் நீட்ஸ் மையம் அமைக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

உள்ளே நுழைவது

முதல் முறை போகும்போது ஒரு படிவம் இருக்கும். பெயர், மாணவர் எண், வீட்டில் எத்தனை பேர், ஒவ்வாமை உண்டா, இவ்வளவுதான் பெரும்பாலும். வங்கிக் கணக்குத் தாள், சம்பளச் சீட்டு எதுவும் கேட்காத பேன்ட்ரிதான் நல்ல பேன்ட்ரி. டீஃபாப் என்ற மத்திய அரசுத் திட்டத்தின் இலவச உணவுச் சரக்கு வைத்திருக்கும் இடங்களில் மட்டும் வருமானம் இந்த வரம்புக்குள் இருக்கிறது என்று ஒரு கையெழுத்து வாங்குவார்கள். சில இடங்களில் உணவுத் தட்டுப்பாட்டைப் பற்றிய கேள்விகளும் வரும்: ‘வாங்கிய உணவு மாதம் முடியுமுன் தீர்ந்து, மறுபடி வாங்கப் பணமில்லாமல் போனதுண்டா’, ‘சத்தான சாப்பாடு சாப்பிட முடியாமல் போனதுண்டா’ என்பதுபோல. இவை அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வுக் கேள்விகளிலிருந்து எடுத்தவை. உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். ‘எனக்கெல்லாம் அப்படியில்லை’ என்று கௌரவத்துக்காக எழுதினால், அடுத்த ஆண்டு பேன்ட்ரிக்கு நிதி கேட்கும்போது இந்தக் காம்பஸில் தேவையே இல்லை என்றாகிவிடும்.

பொருள் தரும் முறை பேன்ட்ரிக்குப் பேன்ட்ரி மாறும். கட்டிவைத்த பையைக் கையில் கொடுத்து அனுப்புவது ஒன்று. கடைபோல அலமாரியிலிருந்து நாமே எடுப்பது இன்னொன்று. அதில் சில இடங்களில் புள்ளிக் கணக்கு (பொருளுக்கு இத்தனை புள்ளி, ஆளுக்கு இத்தனை புள்ளி என்று வரம்பு), சில இடங்களில் எண்ணிக்கை, சில இடங்களில் தராசில் வைத்துப் பவுண்டுக் கணக்கு. ஆன்லைனில் ஆர்டர் போட்டு, எண் பூட்டுப் போட்ட லாக்கரில் எடுத்துக்கொள்ளும் முறையும் பரவிவருகிறது.

கட்டிவைத்த பை முறையை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். அசைவம் சாப்பிடாதவர் பையில் டியூனா மீன் கேன், அடுப்பில்லாதவர் பையில் உலர்ந்த ராஜ்மா, திறப்பான் இல்லாதவர் பையில் வளையமில்லாத கேன் என்று வந்து சேரும். கொடுத்த கணக்கு ஏறும், வயிற்றுக்குப் போகாது. நாமே எடுக்கும் முறையில் இந்த வீணடிப்பு வெகுவாகக் குறைகிறது. அங்கேயும் பவுண்டுக் கணக்கைவிடப் புள்ளிக் கணக்கே மேல். பவுண்டுக் கணக்கில் முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, கேன் போன்ற கனமான, நீர் நிறைந்த பொருள்கள் வரம்பைத் தின்றுவிடும். உங்கள் பேன்ட்ரி பவுண்டுக் கணக்கு என்றால் முதலில் அரிசி, பருப்பு, ஓட்ஸ், வேர்க்கடலை வெண்ணெய் என உலர்ந்தவற்றை எடுங்கள். மிச்ச எடைக்குக் காய்கறி.

எடையை வைத்து உணவை அளப்பதில் பெரிய ஏமாற்றம் இருக்கிறது. நாடு முழுக்க உணவு வங்கிகளை இணைக்கும் ஃபீடிங் அமெரிக்கா கூட்டமைப்பு 1.2 பவுண்டு உணவை ஒரு வேளைச் சாப்பாடு என்று கணக்கிடுகிறது. ‘இவ்வளவு ஆயிரம் வேளை வழங்கினோம்’ என்று கல்லூரிகள் விளம்பரம் செய்வது பெரும்பாலும் இந்த வகுத்தல்தான். கீழே உள்ள கூடையைப் பாருங்கள். ஒருவருக்கு ஒரு வாரத்துக்கு, நாமே எடுக்கும் பேன்ட்ரியில் நல்ல நாளில் கிடைக்கக்கூடியது இது:

அரிசி 2 பவுண்டு, பருப்பு 1 பவுண்டு, ஓட்ஸ் 18 அவுன்ஸ் டப்பா ஒன்று, வேர்க்கடலை வெண்ணெய் 16 அவுன்ஸ் ஒன்று, கொண்டைக்கடலை 15 அவுன்ஸ் கேன் இரண்டு, தக்காளிக் கேன் ஒன்று, முட்டை ஆறு, வெங்காயமும் முட்டைக்கோஸும் சேர்த்து 3 பவுண்டு.

மொத்தம் ஏறக்குறைய 11 அல்லது 12 பவுண்டு, அவர்கள் கணக்கில் சுமார் 10 வேளை. இதை ஏழு நாளுக்குப் பிரித்தால் நாளுக்குச் சுமார் 1,500 கலோரியும் 60 கிராம் புரதமும் வருகிறது. கலோரி கொஞ்சம் குறைவு, புரதம் பரவாயில்லை. அதே எடைக்குத் தண்ணீர் ஊற்றிக் கரைக்கும் தக்காளி சூப் கேன்களாக எடுத்தால் 17 கேன் வரும். காகிதத்தில் அதுவும் அதே 10 வேளைதான். கலோரியோ மேலே சொன்ன கூடையில் மூன்றில் ஒரு பங்கு. உப்பு மட்டும் பல மடங்கு. எனவே பேன்ட்ரியை மதிப்பிடும்போது வருடத்துக்கு எத்தனை பவுண்டு கொடுத்தார்கள் என்று கேட்காதீர்கள். பருப்பு, முட்டை, எண்ணெய் எத்தனை வாரம் அலமாரியில் இருந்தன என்று கேளுங்கள்.

அதில் எண்ணெய்தான் பெரிய ஓட்டை. மேலே சொன்ன கூடையில் அது இல்லை, பெரும்பாலான பேன்ட்ரிகளிலும் இருப்பதில்லை. நாளுக்கு இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் சேர்ந்தால் 240 கலோரி கூடி, குறைவில் நல்ல பகுதி சரியாகிவிடும். உப்பு, மஞ்சள், மிளகாய்த் தூள், சீரகம் இவையும் கிடைப்பது அரிது. பெரிய பையில் வாங்கிச் சின்னப் பொட்டலமாகக் கட்டிக் கொடுக்கச் சுகாதார விதிகள் எளிதில் விடுவதில்லை. அதற்கு அனுமதி பெற்ற சமையலறை, பொட்டலத்தின்மேல் பொருள் பெயர், ஒவ்வாமைக் குறிப்பு எல்லாம் வேண்டும். கையில் இருக்கும் பத்து டாலரை எதற்குச் செலவழிப்பது என்று யோசிக்கிறவர்களுக்கு: அரிசி பருப்பைப் பேன்ட்ரியில் வாங்கிக்கொண்டு, காசை எண்ணெய்க்கும் மசாலாப் பொடிக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கி வந்ததைச் சமைப்பது

இங்கே கிடைக்கும் பருப்பு பெரும்பாலும் பழுப்பு நிற லென்டில், அல்லது உடைத்த மஞ்சள் பட்டாணிப் பருப்பு. பழுப்பு லென்டிலை ஊறவைக்கத் தேவையில்லை, திறந்த பாத்திரத்தில் 20 முதல் 25 நிமிடத்தில் வெந்துவிடும். பட்டாணிப் பருப்பு திறந்த பாத்திரத்தில் முக்கால் மணி நேரம் இழுக்கும். குழைந்துவிட்டால் துவரம்பருப்பு சாம்பாருக்கு மிக அருகில் வரும். இரண்டிலும் தக்காளியோ புளியோ பருப்பு வெந்தபிறகுதான் சேர வேண்டும். முன்பே சேர்த்தால் புளிப்பு பருப்பை மெத்தென்று ஆகவிடாது, எரிவாயுவும் நேரமும் வீண்.

தக்காளிக் கேனில் துண்டுபோட்டது, நசுக்கியது, முழுதானது என மூன்று வகை. துண்டுபோட்டதில் வடிவம் கலையாமல் இருக்கக் கால்சியம் குளோரைடு சேர்த்திருப்பார்கள். அதனால் எவ்வளவு நேரம் வதக்கினாலும் துண்டு துண்டாகவே நிற்கும், தொக்கு சேராது. ரசத்துக்கும் குழம்புக்கும் நசுக்கியதையோ முழுத் தக்காளியையோ எடுங்கள். வேறு வழியில்லை என்றால் துண்டுபோட்டதை மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றிவிட்டுச் சேர்த்தால் சரியாகிவிடும். 14.5 அவுன்ஸ் கேனில் பாதிக்கு மூன்று கப் தண்ணீர் ஊற்றினால் இருவருக்கு ரசம் ஆகும். கேன் தக்காளியே நல்ல புளிப்பு என்பதால் புளியைக் குறைத்துக்கொள்ளலாம்.

கேன் கொண்டைக்கடலை ஏற்கெனவே வெந்தது. அதில் இருக்கும் உப்பு நீரைக் கொட்டிவிட்டு, குழாயடியில் நன்றாக அலசினால் சோடியம் சுமார் 40 சதவீதம் குறையும். கடுகு தாளித்து ஐந்து நிமிடத்தில் சுண்டல். உலர்ந்த சிவப்பு ராஜ்மாவில் மட்டும் கவனம் வேண்டும். அரைவேக்காட்டில் அதில் உள்ள நச்சுப் பொருள் கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட வேண்டும். ஸ்லோ குக்கர் அந்தச் சூடு ஏறாத பாத்திரம், அதில் நேரடியாகப் போடவே கூடாது.

மரக்கறி உண்பவர்கள் லேபிளைப் பின்பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டும். ‘ரீஃபிரைடு பீன்ஸ்’ சிலவற்றில் பன்றிக்கொழுப்பு இருக்கும். ‘பேக்டு பீன்ஸ்’ பலவற்றில் பன்றி இறைச்சித் துண்டு இருக்கும். மசாலா கலந்த அரிசிப் பொட்டலம், காய்கறிப் படம் போட்ட சூப், நூடுல்ஸ் பொடி இவற்றில் கோழிச் சாறு பரவலாக உண்டு. சந்தேகம் இருந்தால் மசாலா கலக்காத தனிப் பொருளையே எடுப்பது நிம்மதி.

டார்ம் எனப்படும் கல்லூரி விடுதி அறையில் இருப்பவர்களுக்கு வேறு சிக்கல். அடுப்பு கூடாது, பல இடங்களில் ரைஸ் குக்கரும் கூடாது, மைக்ரோவேவ் ஒன்றுதான். அவர்கள் அரிசி பருப்பை விட்டுவிட்டு ஓட்ஸ், கேன் பயறு, வேர்க்கடலை வெண்ணெய், ரொட்டி, பழம் எனப் போவது நல்லது. ஓட்ஸில் ஒரு கரண்டி வேர்க்கடலை வெண்ணெயைக் கலக்கினால் காலை வகுப்பு முடியும்வரை பசி தாங்கும்.

தேதியைக் கண்டு பயந்து நல்ல பொருளைக் குப்பையில் போடுகிறவர்கள் நிறைய. ‘பெஸ்ட் பை’ என்று அச்சிட்டிருப்பது சுவைக்கான தேதி. குழந்தைகளின் பால்மாவுக்கு மட்டும்தான் அமெரிக்க மத்திய அரசு தேதியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. தக்காளி, அன்னாசி போன்ற புளிப்புக் கேன்கள் ஒன்று முதல் ஒன்றரை ஆண்டு, பயறு, மக்காச்சோளம், மீன் போன்றவை இரண்டு முதல் ஐந்து ஆண்டு நன்றாக இருக்கும். தேதியைவிடக் கேனின் உடம்பைப் பாருங்கள். உப்பியது, கசிந்தது, தையல் விளிம்பில் ஆழமாக நசுங்கியது, இவற்றைத் தொடவே வேண்டாம். நடுவில் லேசாகச் சப்பியிருந்தால் பரவாயில்லை.

எங்கே சறுக்குகிறது

முதல் குறை நேரம். பல பேன்ட்ரிகள் வார நாளில் பகல் சில மணி நேரம்தான் திறக்கும். அதே நேரத்தில்தான் வகுப்பும் லேப் வேலையும். சனி ஞாயிறு மூடல். பேன்ட்ரிக்குச் சரக்கு தரும் பிராந்திய உணவு வங்கியின் வண்டி வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாள் வரும். அன்று மாலை முட்டையும் பாலும் கீரையும் இருக்கும், இரண்டு நாள் கழித்துப் போனால் பட்டாணிக் கேனும் பூசணிக் கூழும்தான் மிஞ்சியிருக்கும். ‘சரக்கு எந்த நாள் வரும்’ என்று கவுன்ட்டரில் கேட்டுவைத்துக்கொள்வது நீங்கள் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள காரியம். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

இரண்டாவது, சரக்கின் தரம் தானம் தருபவர் மனதைப் பொறுத்தது. நவம்பரில் உணவு சேகரிப்பு இயக்கம் நடக்கும். அப்போது வந்து குவிவது பெரும்பாலும் வீட்டு அலமாரியில் பயன்படாமல் கிடந்தவை. ஒரே வகைக் கேன் நூறு சேர்ந்து ஜனவரிவரை இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். பணமாகக் கிடைத்தால் பேன்ட்ரி ஊழியர் உணவு வங்கியிலிருந்தும் மொத்தக் கடையிலிருந்தும் தேவையானதை மட்டும் வாங்க முடியும்.

மூன்றாவது கூச்சம். எங்கள் மதிப்பீட்டில் நேரத்தையும் சரக்கையும்விட இது பெரிய தடை. நம் பிள்ளைகளிடம் இது இன்னும் ஆழமாக இருக்கிறது. ஊரில் கடன் வாங்கி அனுப்பியிருக்கிறார்கள், இங்கே இலவச அரிசிக்கு நிற்பதா என்று நினைத்து, மாலையில் நூடுல்ஸ் மட்டும் தின்று படுக்கிறவர்கள் உண்டு. ‘என்னைவிடக் கஷ்டப்படுகிறவர் எடுக்கட்டும்’ என்பது அடிக்கடி கேட்கும் வாக்கியம். நீங்கள் எடுக்காத பையால் இன்னொருவருக்குக் கூடுதலாக ஒன்றும் கிடைத்துவிடாது. வருகைக் கணக்கு குறைந்து, அடுத்த முறை ஒதுக்கும் நிதிதான் சுருங்கும். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் மதிய உணவு தட்டுக்கு வருவதை யாரும் பிச்சை என்று சொல்வதில்லை. படிக்கிறவர் பசியோடு இருக்கக் கூடாது என்பதற்காக ஓர் ஊர் ஏற்றுக்கொண்ட ஏற்பாடு அது. இதுவும் அதேதான்.

கூச்சத்தைக் குறைப்பது இடத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. பெரிய எழுத்தில் பேன்ட்ரி பெயர் அச்சிட்ட பை கொடுக்கும் இடத்தைவிட, சாதாரண மளிகைப் பை கொடுக்கும் இடத்துக்கு மாணவர்கள் மறுபடி வருவார்கள். கண்ணாடிச் சுவர் வைத்த அறை, எல்லோரும் நடக்கும் தாழ்வாரத்தில் வரிசை, இவை ஆளைத் துரத்தும். லாக்கர் முறை இந்த விஷயத்தில் மிக நல்லது.

விசா பற்றிய பயமும் இதோடு சேர்ந்துகொள்கிறது. ‘பேன்ட்ரியில் வாங்கினால் பின்னால் கிரீன் கார்டுக்குச் சிக்கல் வரும்’ என்ற பேச்சு வாட்ஸாப் குழுக்களில் ஓயாமல் சுற்றுகிறது. அரசை நம்பி வாழக்கூடியவரா என்று குடியேற்ற அதிகாரிகள் பார்ப்பதுதான் ‘பப்ளிக் சார்ஜ்’. 2022ல் வந்த விதியின்படி அந்தக் கணக்கில் எடுக்கப்படுவது வாழ்க்கைச் செலவுக்கான அரசு ரொக்க உதவியும், அரசுச் செலவில் பராமரிப்பு நிலையத்தில் நீண்டகாலம் தங்குவதும்தான். பேன்ட்ரி அரிசி அதில் வராது. இந்த விதிகள் ஆட்சிக்கு ஆட்சி மாறக்கூடியவை. அதனால் இன்றைய நிலையைச் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வாட்ஸாப்பில் கேட்க வேண்டாம்.

மீல் ஸ்வைப், மிச்ச உணவு, ஸ்னாப்

பேன்ட்ரிக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது ஸ்வைப் தானம். டைனிங் ஹாலில் சாப்பிட முன்பணம் கட்டியவர்களிடம் பயன்படுத்தாத வேளைகள் மிஞ்சும். வாரக் கடைசியிலோ செமஸ்டர் முடிவிலோ அவை காலாவதியாகும். அவற்றைத் தேவைப்படுபவர்களுக்கு மாற்றிவிடும் ஏற்பாட்டை 2010ல் கலிபோர்னியாவின் யூ.சி.எல்.ஏ. மாணவர்கள் தொடங்கினார்கள். அதுதான் ஸ்வைப் அவுட் ஹங்கர். மேலே சொன்ன கல்லூரி உணவு வங்கிக் கூட்டமைப்பையும் 2021ல் இதே அமைப்பு ஏற்றுக்கொண்டது.

மாணவர் பக்கத்திலிருந்து பார்த்தால் இது அருமையான சேவை. உங்கள் ஐ.டி. கார்டிலேயே பத்தோ பதினைந்தோ வேளை ஏற்றிவிடுவார்கள். கவுன்ட்டரில் எல்லோரும்போலத் தேய்த்துவிட்டு உள்ளே போகலாம், பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது. சூடான சாப்பாடு, சமையல் வேலை இல்லை, தேர்வு வாரத்தில் பெரிய உபகாரம். குறை என்னவென்றால், ஒருவர் எத்தனை தானம் செய்யலாம் என்பதற்கு டைனிங் நிறுவனம் வரம்பு வைக்கும். செமஸ்டர் கடைசியில்தான் தானம் குவியும், தேவையோ செமஸ்டரின் முதல் வாரத்திலேயே தொடங்கிவிடும். போன செமஸ்டரின் ஸ்வைப்பை அடுத்த செமஸ்டருக்குக் கொண்டுபோக அனுமதிக்கும் கல்லூரியில்தான் இந்தத் திட்டம் முழுப் பலன் தருகிறது. மாணவர் சங்கங்கள் நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது முதலில் இதைத்தான்.

கருத்தரங்கில் மிஞ்சிய உணவுக்குச் செய்தி அனுப்பும் ஏற்பாடும் சில கல்லூரிகளில் உண்டு. பார்க்க நன்றாக இருக்கும், நம்பியிருக்க முடியாது. செய்தி வந்து அரை மணியில் தட்டு காலி. வெளியே வைத்த உணவு இரண்டு மணி நேரத்தைத் தாண்டியிருந்தால் எடுக்காதீர்கள். சூடான உணவு 57 டிகிரி செல்சியஸுக்கு மேலும், குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழும் இருந்தால்தான் பாதுகாப்பு. ‘மிச்ச உணவைக் கொடுத்து யாருக்காவது உடம்புக்கு வந்தால் எங்கள்மேல் வழக்கு வரும்’ என்று கேட்டரிங் நிறுவனங்கள் மறுப்பது வழக்கம். நல்லெண்ணத்தோடு உணவு தானம் செய்பவர்களுக்கு 1996 முதலே மத்திய சட்டத்தின் பாதுகாப்பு இருக்கிறது. 2023 ஜனவரியில் கையெழுத்தான திருத்தம் அதை விரிவாக்கியது. இந்தச் சட்டத்தைச் சொல்லிக் கேட்டால் பல இடங்களில் மனம் மாறுகிறார்கள்.

ஸ்னாப் எஃப்-1 மாணவர்களுக்கு இல்லை. ஆனால் இங்கேயே வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் பலருக்குத் தகுதி இருக்கலாம், அவர்கள் விண்ணப்பிப்பதே இல்லை. தகுதி இருக்கக்கூடிய 33 லட்சம் மாணவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பெறவில்லை என்று அதே ஜி.ஏ.ஓ. அறிக்கை சொல்கிறது. 18 முதல் 49 வயதுக்குள், பாதி நேரமோ அதற்கு மேலோ படிப்பவர் என்றால் வருமானம் குறைவாக இருப்பது மட்டும் போதாது. வாரம் 20 மணி நேரச் சம்பள வேலை, மத்திய அரசின் வொர்க்-ஸ்டடி (நிதியுதவியாகத் தரும் பகுதிநேர வேலை), ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை, மாற்றுத்திறன் இவற்றுள் ஒன்றோ சட்டம் சொல்லும் வேறொரு விலக்கோ வேண்டும். பாதிக்கு மேற்பட்ட வேளைகளை மீல் பிளானில் சாப்பிடுபவருக்குக் கிடையாது. வொர்க்-ஸ்டடிக் கடிதத்தை இணைக்காவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். நிதியுதவி அலுவலகத்திலிருந்து அந்தக் கடிதத்தை முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 2025 நிதியாண்டில் ஒரு நபருக்கு மாதம் அதிகபட்சம் 292 டாலராக இருந்தது. பேன்ட்ரியால் ஈடு செய்ய முடியாத தொகை இது.

தமிழ்ச் சங்கமும் மாணவர் சங்கமும் செய்யக்கூடியது

பேன்ட்ரியில் துவரம்பருப்பும் மஞ்சள் தூளும் இல்லை என்று குறைப்படுவதைவிட, அதை வைக்க வழி செய்யலாம். முதலில் பேன்ட்ரி ஊழியரிடம் போய், எதை ஏற்பார்கள், எந்த அளவுப் பொட்டலம், எந்த நாள் என்று கேளுங்கள். வீட்டில் அரைத்த பொடி, ஊறுகாய், சமைத்த சாப்பாடு எதையும் ஏற்க மாட்டார்கள். தொழிற்சாலையில் மூடிய, ஆங்கில லேபிளும் ஒவ்வாமைக் குறிப்பும் உள்ள பொட்டலம் வேண்டும். 40 பேருக்கு என்று திட்டமிட்டால் 20 பவுண்டு அரிசி மூட்டை நான்கு வாங்குவது மலிவுதான், ஆனால் பிரித்துக் கட்ட முடியாமல் மூட்டை மூலையில் நிற்கும். 2 பவுண்டுப் பொட்டலம் 40 வாங்குங்கள். அதோடு 2 பவுண்டுத் துவரம்பருப்பு 40, சின்ன எண்ணெய்ப் பாட்டில் 40, 100 கிராம் மஞ்சள் தூள், சாம்பார்ப் பொடி. பட்டாணிப் பருப்பையும் துவரம்பருப்பையும் எப்படிச் சமைப்பது என்று ஆங்கிலத்தில் ஒரு தாள் அலமாரியில் ஒட்டிவிட்டால் மற்ற நாட்டு மாணவர்களும் எடுப்பார்கள், சரக்கு தேங்காது.

இதை ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் ஜனவரி தொடக்கத்திலும் செய்வதுதான் பயன். தீபாவளிக்குச் செய்தால் படம் நன்றாக வரும், ஆனால் புதிதாக வந்தவர்களின் மிகக் கஷ்டமான வாரங்கள் அதற்குள் முடிந்திருக்கும். சங்க விழாவில் மிஞ்சும் பிரியாணித் தட்டுகளைப் பேன்ட்ரிக்குக் கொண்டுபோகாதீர்கள். விழா முடிந்த உடனேயே, சூடு ஆறுமுன், அங்கேயே டப்பாவில் போட்டுக் கொடுத்துவிடுவது மேல்.

டிசம்பர் விடுமுறைக்குத் தனியாகத் தயாராக வேண்டும். தேர்வு முடிந்ததும் டைனிங் ஹாலும் பல பேன்ட்ரிகளும் மூடிவிடும், மூன்று நான்கு வாரம் திறக்காது. ஊருக்குப் போக டிக்கெட் எடுக்க முடியாதவர்கள்தான் அப்போது காம்பஸில் இருப்பவர்கள். மூடுவதற்கு முந்தைய வாரம் பல இடங்களில் வரம்பைத் தளர்த்துவார்கள், அறிவிப்பு வரும்வரை காத்திராமல் நேரில் கேளுங்கள். பால், கீரையை விட்டுவிட்டு அரிசி, பருப்பு, ஓட்ஸ், கேன் என உலர்ந்தவற்றை மூன்று வாரத்துக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் போதாது என்றால் டீன் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ் அலுவலகத்தில் அவசர நிதிக்கு எழுதுங்கள். பல கல்லூரிகளில் திருப்பிக் கட்ட வேண்டாத சிறு தொகை உண்டு, சர்வதேச மாணவர்களுக்கும் தரும் இடங்கள் உண்டு. விண்ணப்பம் பார்க்கும் ஊழியர்களும் விடுமுறையில் போவார்கள் என்பதால் தேர்வு வாரத்துக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். காம்பஸ் மூடியிருக்கும் நாளில் சாப்பாட்டுக்கு வழியில்லை என்றால் 211 என்ற எண்ணை அழைத்தால் ஊருக்குள் திறந்திருக்கும் உணவு வங்கிகளைச் சொல்வார்கள்.